கையைக் கடிக்கும் பிள்ளைக்கு முதலில் கற்றுத்தர வேண்டிய சொல் "போதும்"

கேள்வி கேட்ட அம்மாவின் பையனுக்கு எட்டு வயது, ஆட்டிசம், தெளிவாக வரும் சொற்கள் மூன்றோ நான்கோதான். எழுத உட்கார வைத்தால் கையின் பின்புறத்தைக் கடிக்கிறான், அந்த இடத்தில் தோல் தடித்துக் காய்த்துப் போயிருக்கிறது. தடுக்கப் போனால் அம்மாவின் முடியைப் பிடித்து இழுக்கிறான். அம்மா போனில் பேச ஆரம்பித்தாலும் அதே கடி. அடித்தும் பார்த்தாகிவிட்டது, கொஞ்சியும் பார்த்தாகிவிட்டது, கண்டுகொள்ளாமல் விட்டும் பார்த்தாகிவிட்டது. பேச்சு வந்தால் எல்லாம் தானாகச் சரியாகும் என்று எல்லோரும் சொல்கிறார்கள், பேச்சு எப்போது வரும், அதுவரை நான் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார். கடைசி வரி இது: "அவனுக்கு என்னைப் பிடிக்கவில்லையோ என்று தோன்றுகிறது."

அம்மா, அந்தக் கடைசி வரிக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். இந்த வீட்டில் தான் சொல்வது யாருக்குப் போய்ச் சேரும் என்று உங்கள் பையனுக்கு நன்றாகத் தெரியும், அதனால்தான் உங்கள் முடியைப் பிடிக்கிறான். நான் பதினேழு வருடமாகச் சிறப்பாசிரியராக இருக்கிறேன், பிள்ளைகள் கடித்த தழும்பு என் முன்கையில் இரண்டு இருக்கிறது. அந்த இரண்டு பிள்ளைகளும் என்னைப் பிடிக்காமல் கடிக்கவில்லை என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். ஒருத்தி காதுவலியில் கடித்தாள், இன்னொருவனுக்கு வகுப்பை விட்டு வெளியே போக வேண்டியிருந்தது, அதை நான் புரிந்துகொள்ளவில்லை.

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்று சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். கொஞ்சம் நிதானமாக யோசித்தால் உங்கள் வீட்டில் நடப்பது முழுக்க அதில் இருக்கிறது. அழுதால் பால் வருகிறது, அதனால் அடுத்த முறை பசித்தாலும் பிள்ளை அழுகிறது. பிறகு ஒரு நாள் "பாலு" என்று வாயில் வந்துவிடுகிறது, சொன்னவுடன் கிடைக்கிறது, அழுவதைவிடச் சொல்வது சுலபம் என்று தெரிந்துபோகிறது, அழுகை தானாகக் குறைகிறது. பேச்சு வராத பிள்ளைக்கு அந்த இரண்டாவது கட்டம் வருவதே இல்லை. வயது ஏறுகிறது, தேவைகள் கூடுகின்றன, கையில் இருப்பது மட்டும் அதே அழுகை. அது போதாமல் போகும்போது கடி, தலையை முட்டிக்கொள்வது, தட்டை வீசுவது. கடிப்பதை எப்படி நிறுத்துவது என்று கேட்பதை விட்டுவிட்டு, கடித்து அவன் வாங்கிக்கொள்வதை வேறு எப்படிக் கேட்க வைப்பது என்று கேட்டுப் பாருங்கள். என்னுடைய பதில் முழுவதும் அந்தக் கேள்விக்குத்தான். பேச்சு வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. காத்திருக்கவும் கூடாது, ஏனென்றால் எட்டு வயதில் கடிக்கிற பிள்ளையைப் பிடித்து உட்கார வைக்கலாம், பதினைந்து வயதில் முடியாது.

இது நானாக யோசித்துச் சொல்வது இல்லை. 1985-இல் எட்வர்ட் கார், மார்க் டூரண்ட் என்ற, அமெரிக்காவில் வேலை செய்த இரண்டு உளவியலாளர்கள் வளர்ச்சிக் குறைபாடு உள்ள நான்கு பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று இருக்கிறது, எங்கள் துறையில் இருப்பவர்கள் எல்லோரும் படிக்கிற ஆய்வு. அடிப்பது, கத்தி அமர்க்களம் செய்வது, தன்னையே காயப்படுத்திக்கொள்வது எல்லாம் அந்தப் பிள்ளைகளிடம் இருந்தது. எப்போது அது வருகிறது என்று முதலில் பார்த்தார்கள். பாடம் கடினமாகும்போது வருகிறதா, பெரியவர்களின் கவனம் குறையும்போது வருகிறதா என்று தனித்தனியாகப் பார்த்தார்கள். பாடம் கடினமானால் வருகிறது என்றால் "எனக்குப் புரியவில்லை" என்று சொல்லக் கற்றுக்கொடுத்தார்கள், சொன்னதும் ஆசிரியர் வந்து உதவி செய்தார். கவனம் குறைந்தால் வருகிறது என்றால் "நான் நன்றாகச் செய்கிறேனா?" என்று கேட்கக் கற்றுக்கொடுத்தார்கள், கேட்டதும் பாராட்டு கிடைத்தது. அமர்க்களம் பெரிதும் குறைந்தது. இதற்கு அடுத்து அவர்கள் செய்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. காரணத்துக்குப் பொருந்தாத வாக்கியத்தையும் கொடுத்துப் பார்த்தார்கள். பிள்ளைகள் அதையும் கற்றுக்கொண்டார்கள், சொல்லவும் சொன்னார்கள், ஆனால் அமர்க்களம் குறையவில்லை.

அதாவது "பேச்சு வந்தால் சரியாகிவிடும்" என்பது பாதி உண்மைதான். எந்தச் சொல் வந்தாலும் சரியாகாது, அவனுக்கு அந்த நேரத்தில் வேண்டியதை வாங்கித் தருகிற சொல் வர வேண்டும். நம் பள்ளிகளில் முதலில் சொல்லிக்கொடுப்பது "குட் மார்னிங் மிஸ்", "தாங்க் யூ", "ப்ளீஸ்". கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. "ப்ளீஸ்" மட்டும் தெரிந்த பிள்ளை தண்ணீருக்கும் ப்ளீஸ், வெளியே போகவும் ப்ளீஸ், வயிறு வலித்தாலும் ப்ளீஸ் என்கிறது. எதைக் கேட்கிறது என்று யாருக்கும் தெரியாது, கிடைக்காது, கடைசியில் கடிக்கிறது.

காரணத்துக்குப் பொருந்துகிற சொல்லைக் கற்றுக்கொடுக்கும் இந்த முறைக்கு ஃபங்ஷனல் கம்யூனிகேஷன் ட்ரெய்னிங் என்று பெயர், சுருக்கமாக எஃப்சிடி. தெரபி சென்டரில் இந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள், புரிந்துகொள்வார்கள்.

தொடங்கும் முன் ஒன்று. உடம்பைப் பார்த்துவிடுங்கள். பல், காது, மலச்சிக்கல், தூக்கம், இந்த நான்கும் எனக்குத் தெரிந்து பிள்ளைகளை எவ்வளவோ கடிக்க வைத்திருக்கின்றன. திடீரென்று ஆரம்பித்தது என்றால், அல்லது திடீரென்று கூடியது என்றால், முதலில் குழந்தைகள் டாக்டர், பல் டாக்டர், அப்புறம்தான் மற்றது. தலையைச் சுவரில் முட்டுகிறான், கண்ணைக் குத்திக்கொள்கிறான், ரத்தம் வருகிறது என்கிற அளவுக்குப் போனால் இதைப் படித்துவிட்டு வீட்டில் தனியாகச் செய்யாதீர்கள், டாக்டரும் இதில் பழக்கமுள்ள ஒரு உளவியலாளரும் கூடவே இருக்க வேண்டும்.

இப்போது காரணத்தைக் கண்டுபிடிக்கும் வேலை. 1982-இல் பிரையன் ஐவாட்டாவும் அவருடைய குழுவினரும் தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் ஒன்பது பிள்ளைகளைப் பதினைந்து பதினைந்து நிமிடமாக வெவ்வேறு சூழலில் வைத்துப் பார்த்தார்கள். ஒரு முறை பாடம் கொடுத்து, ஒரு முறை காயப்படுத்திக்கொண்டால் மட்டும் கவனித்து, ஒரு முறை தனியாக விட்டு, ஒரு முறை சும்மா விளையாட விட்டு. வெளியே பார்க்க ஒரே மாதிரி தெரிகிற பழக்கம் ஒரு பிள்ளைக்குப் பாடத்தின்போது கூடுகிறது, இன்னொரு பிள்ளைக்குத் தனியாக இருக்கும்போது கூடுகிறது என்று அதில்தான் தெளிவாகத் தெரிந்தது. அந்தச் சோதனையைப் பயிற்சி பெற்றவர்கள்தான் செய்ய வேண்டும். நீங்கள் செய்ய வேண்டியது அதைவிட எளிது, ஒரு வாரம் எழுதி வைப்பது.

பழைய மாத காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கம் மூன்று கட்டம் போடுங்கள். கடிப்பதற்கு முன் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், அதன் பிறகு அவனுக்கு என்ன கிடைத்தது. மூன்றாவது கட்டத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், ஏனென்றால் அதில் இருப்பது நாம் செய்தது. "அடம் பிடித்தான், சமாளித்தேன்" என்று எழுதினால் ஒன்றும் தெரியாது. "நோட்டைக் கொடுத்தேன். இரண்டு எழுத்து எழுதினான். வாசலைப் பார்த்தான், ம்ம்ம் என்றான். கடித்தான். நோட்டை எடுத்து வைத்துவிட்டுக் கையைத் தேய்த்துவிட்டேன்." இப்படி இருக்க வேண்டும். இப்படி இருபது முறை எழுதினால் நான் சொல்லாமலேயே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

நீங்கள் சொன்னதை வைத்து என் ஊகம், அவனுடைய ஒரே கடிக்கு இரண்டு அர்த்தம் இருக்கிறது. எழுதும்போது கடித்தால் நோட்டு போய்விடுகிறது. போனில் இருக்கும்போது கடித்தால் அம்மா கிடைக்கிறார். ஒன்று "இது போதும்", இன்னொன்று "என்னைப் பார்". அதனால்தான் நீங்கள் செய்து பார்த்த எதுவும் பலிக்கவில்லை. எழுதும் நேரத்தில் கடித்ததற்குத் தண்டனையாக "போய் அந்த மூலையில் நில்" என்று சொன்னீர்கள் என்றால் அவன் கேட்டதே அதுதான், கொடுத்துவிட்டீர்கள். போன் நேரத்தில் கடித்ததற்குப் பக்கத்தில் வந்து திட்டினீர்கள் என்றால் அதுவும் அவன் கேட்டதுதான், அம்மா வந்துவிட்டார், முகத்தைப் பார்த்துப் பேசுகிறார். ஆக அவனுக்கு இரண்டு சொல் வேண்டும். "போதும்" ஒன்று, "அம்மா வா" ஒன்று. இரண்டையும் சேர்த்து ஆரம்பிக்காதீர்கள். தினமும் குறித்த நேரத்தில் வருவது எழுத்து வேலைதான், அதில் தொடங்குவது நல்லது.

சொல் எந்த வடிவத்தில் இருக்க வேண்டும் என்பதில் தயவுசெய்து பெரிய ஆசை வைக்காதீர்கள். கடிக்க அரை விநாடி போதும், பலமும் வேண்டாம், யாருடைய உதவியும் வேண்டாம், பலனும் உடனே கிடைக்கிறது. நாம் கொடுக்கிற சொல் அதை ஜெயிக்க வேண்டும். ராபர்ட் ஹார்னரும் டே என்பவரும் 1991-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு பையனுக்கு "நான் போக வேண்டும், ப்ளீஸ்" என்று முழு வாக்கியத்தையும் சைகையில் சொல்லக் கற்றுக்கொடுத்தார்கள். அவனுக்குச் சொல்லத் தெரிந்தது, ஆனாலும் அடிப்பதை விடவில்லை. "பிரேக்" என்ற ஒரே சைகையாகச் சுருக்கிக் கொடுத்ததும் அடிப்பது குறைந்தது. ஒரு வாக்கியத்துக்கும் ஒரு சைகைக்கும் உள்ள அந்தச் சின்ன வித்தியாசம்தான். எங்கள் வகுப்பில் யாராவது பெற்றோர் "முழுசாச் சொல்லு, அப்பத்தான் தருவேன்" என்று சொல்வதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஆய்வு ஞாபகத்துக்கு வரும்.

உங்கள் பையனுக்கு ஒரு கார்டு போதும். உள்ளங்கை அளவு அட்டை, ஒரு கை உள்ளங்கையைக் காட்டுகிற மாதிரி படம், கீழே "போதும்" என்று எழுத்து. லேமினேட் செய்துவிடுங்கள், வாயில் வைப்பான். வீட்டில் நீங்கள் தமிழ் பேசினால் தமிழிலேயே இருக்கட்டும். பிள்ளை குழம்பிவிடும், ஆங்கிலம் மட்டும் பேசுங்கள் என்று சில இடங்களில் சொல்கிறார்கள், அதற்கு நம்பகமான ஆதாரம் எதுவும் இல்லை, பாட்டியோடு பேச முடியாத ஒரு மொழியை அவனுக்குக் கொடுத்து என்ன செய்வது?

கற்றுக்கொடுப்பதை ஒரு பிள்ளையை வைத்துச் சொல்கிறேன். பத்து வயதுப் பெண், மணி கோர்க்கும் வேலை கொடுத்தால் ஆறாவது ஏழாவது மணியில் தட்டோடு வீசுவாள், உள்ளங்கையால் நெற்றியில் அடித்துக்கொள்வாள். ஐந்து நாள் எழுதிப் பார்த்தோம். வீசுவதற்குச் சற்று முன்னால் தோள் இரண்டும் மேலே ஏறும், கண் கதவுக்குப் போகும். அதுதான் எங்களுக்கு எச்சரிக்கை. மூன்றாவது மணியிலேயே, அவள் தோள் ஏறும் முன்னாலேயே, பின்னால் உட்கார்ந்திருந்த என் சக ஆசிரியை ஒரு வார்த்தை பேசாமல் அவள் கையைப் பிடித்து, என் ஐடி கார்டு கயிற்றில் ஒட்டியிருந்த "போதும்" அட்டையைப் பிய்க்க வைத்து, என் கையில் கொடுக்க வைத்தார். நான் "போதும், சரி" என்று சொல்லி அந்த விநாடியே தட்டை எடுத்துவிட்டேன். ஒரு நிமிடம் ஜன்னல் ஓரம் போய் நின்றாள். திரும்ப வந்தாள், இரண்டு மணி, மறுபடி பின்னாலிருந்து கை, மறுபடி "போதும், சரி". அன்றைக்கு மட்டும் இருபது தடவைக்கு மேல் இருக்கும். நான்காம் நாள் முதல் மணியைக் கையில் எடுத்தாள், என்னைப் பார்த்தாள், தானே அட்டையைப் பிய்த்து நீட்டினாள். கோர்த்தது ஒரு மணிகூட இல்லை. அன்று அவள் நெற்றியில் அடித்துக்கொண்டதும் ஒரு முறைகூட இல்லை.

இதில் பின்னால் ஒருவர் இருப்பது முக்கியம். 1985-இல் அமெரிக்காவின் டெலவேரில் ஆண்டி பாண்டியும் லோரி ஃப்ராஸ்ட்டும் உருவாக்கிய பெக்ஸ் என்ற படப் பரிமாற்ற முறையிலும் முதல் கட்டத்துக்கு இரண்டு பெரியவர்கள்தான். ஒருவர் முன்னால் இருந்து கார்டை வாங்கிக்கொள்பவர், ஒருவர் பின்னாலிருந்து கையை நடத்துபவர். ஏன் என்றால் முன்னால் இருப்பவரே "என்ன சொல்லணும்? கார்டு குடு, கார்டு குடு" என்று சொல்லிக்கொண்டிருந்தால், அடுத்தவர் கேட்ட பிறகுதான் சொல்ல வேண்டும் என்று பிள்ளை படித்துவிடும், நீங்கள் கேட்க மறந்த அன்று மறுபடி கடிக்கும். வீட்டில் பின்னால் உட்காரப் பாட்டியையோ அப்பாவையோ வைத்துக்கொள்ளலாம். பேசாமல் இருப்பதுதான் அவர்களுக்குக் கஷ்டமான வேலை, முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று, கடிக்கும் முன்னால் கார்டு கொடுக்க வைக்க வேண்டும். கடித்த பிறகு கையைப் பிடித்துக் கார்டு கொடுக்க வைத்தால், கடி, பிறகு கார்டு, பிறகு விடுதலை என்று மூன்றையும் ஒரே சங்கிலியாகக் கற்றுக்கொள்வான். அப்படிப் பழகிய பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன், லேசாகக் கையைக் கடித்துவிட்டு ஒழுங்காகக் கார்டை நீட்டுவார்கள். அதைப் பிரிப்பது பெரும்பாடு. தாமதமாகிவிட்டது, கடித்துவிட்டான் என்றால் பேசாமல் கையைப் பாதுகாத்துக்கொள்ளுங்கள், திட்டாதீர்கள், கொஞ்சாதீர்கள், முகத்தில் ஒன்றும் காட்டாதீர்கள், பிடித்து அழுத்தி எழுத வைக்கவும் வேண்டாம். சில விநாடி அமைதியானதும் ஒரே ஒரு சின்னக் கோடு போடச் செய்து, உடனே கார்டு, உடனே "போதும், சரி".

முதல் சில வாரம் கார்டு நீட்டினால் நூற்றுக்கு நூறு முறை கொடுத்தே ஆக வேண்டும். இந்த இடத்தில்தான் வீடுகள் தடுமாறுகின்றன. அப்பா சொல்வார், கார்டைக் காட்டினால் எழுந்துவிடலாம் என்றால் அவன் எப்போது படிப்பான்? பாட்டி சொல்வார், செல்லம் கொடுத்துக் கெடுக்கிறாய். இரண்டுக்கும் ஒரே பதில். இப்போதும் அவன் எழுந்துதான் போகிறான், கடித்துவிட்டுப் போகிறான். காயத்தோடு போவதற்குப் பதில் கேட்டுவிட்டுப் போகிறான், அவ்வளவுதான் வித்தியாசம். கேட்டால் கிடைக்கும் என்ற நம்பிக்கை வந்த பிள்ளையிடம்தான் "கொஞ்சம் பொறு" என்று சொல்ல முடியும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், அப்போது இருந்த ஒரு பள்ளியில், கத்துகிற ஒரு பையனைக் கண்டுகொள்ளாமல் விட்டால் நின்றுவிடும் என்று கற்றுக்கொடுத்தார்கள், நானும் அப்படியே செய்தேன். அவனுக்குப் பதிலாக எதையும் கொடுக்கவில்லை. கத்தலைக் கேட்க ஆள் இல்லை என்றதும் மூன்றாம் நாள் கன்னத்தில் அறைந்துகொள்ள ஆரம்பித்தான். வழக்கமாகக் கிடைத்தது கிடைக்காதபோது பிள்ளை முதலில் இன்னும் பலமாகத்தான் முயற்சி செய்யும், எங்கள் துறையில் இதற்கு எக்ஸ்டிங்ஷன் பர்ஸ்ட் என்று பெயர். அறைந்ததும் நான் ஓடிப் போய்ப் பிடித்தேன். கத்தினால் போதாது, அறைந்துகொள்ள வேண்டும் என்று அவனுக்கு நான்தான் கற்றுக்கொடுத்தேன். அந்தக் கன்னம் சிவந்திருந்தது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. நீங்களும் கண்டுகொள்ளாமல் விட்டுப் பார்த்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள், அதைத் தனியாக மறுபடி செய்ய வேண்டாம். ஒரு சொல் கையில் இருந்தால்தான் பழைய வழி மூடும்போது பிள்ளை புது வழியில் போகும்.

சரி, படிப்புக்கு வருவோம். தானாகவே கார்டு கொடுக்கிறான், கடி நன்றாகக் குறைந்துவிட்டது, ஒரு வாரமாவது இப்படிப் போகிறது என்றால் அப்புறம் காத்திருக்கப் பழக்கலாம். கார்டு நீட்டியதும் "சரி, இன்னும் ஒரு எழுத்து, அப்புறம் போதும்" என்று சொல்லி, அந்த ஒன்று முடிந்ததும் சொன்னபடி விட்டுவிடுங்கள். ஒன்று சுலபமானதும் இரண்டு, பிறகு நான்கு. எழுதி முடிக்க வேண்டிய அளவுக்கு ஐந்து புளியங்கொட்டையை வரிசையாக வைத்து, ஒவ்வொரு எழுத்துக்கும் ஒன்றை டப்பாவில் போடச் சொல்லலாம், எவ்வளவு பாக்கி என்று கண்ணால் பார்ப்பது இந்தப் பிள்ளைகளுக்குப் பெரிய நிம்மதி. கடி திரும்பத் தலைகாட்டினால் வேகமாகப் போய்விட்டீர்கள் என்று அர்த்தம், ஒரு படி கீழே இறங்குங்கள். போன் விஷயத்துக்கு இரண்டு நிற அட்டை உதவும். பச்சை மேசையில் இருந்தால் அம்மாவை எப்போதும் கூப்பிடலாம், சிவப்பு இருந்தால் அம்மா பேசிக்கொண்டிருக்கிறார், பச்சை வரும். முதல் நாள் சிவப்பு பத்து விநாடி, அதற்கு மேல் வேண்டாம். உண்மையான போன் அழைப்பில் பழக்காதீர்கள், சும்மா காதில் வைத்துப் பழக்குங்கள், நேரம் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

ஆனால் ஒரே நோட்டுக்கு இருபது முறை "போதும்" வருகிறது என்றால் அந்த நோட்டையும் பாருங்கள். பென்சிலைப் பிடிக்க விரலில் பலம் இருக்கிறதா? ஒரு பக்கம் முழுக்க "இ" எழுதச் சொல்கிறார்களா? எட்டு வயதுப் பிள்ளை நாற்பது நிமிடம் உட்கார்ந்து புரியாத எழுத்தைப் பார்த்து எழுத வேண்டும் என்றால், அவன் சொல்கிற "போதும்" நியாயமான பேச்சு. வேலையைக் குறைக்கவோ மாற்றவோ ஆசிரியரிடம் பேசுங்கள், கையில் பயிற்சி வேண்டும் என்றால் ஆக்குபேஷனல் தெரபிஸ்டைப் பாருங்கள். நடத்தை சரியாக வேண்டும் என்று சொல்லிக்கொண்டு தப்பான வேலையைப் பிள்ளையின் தலையில் கட்டுவதை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

கொடுக்க முடியாத நேரமும் வரும். ஊசி போடும்போது "போதும்" நீட்டினால் என்ன செய்வது? வாங்கிக்கொள்ளுங்கள், கேட்டேன் என்று சொல்லுங்கள், "பத்து எண்ணினதும் போதும்" என்று எண்ணிக் காட்டி, பத்தில் முடித்துவிடுங்கள். பொய் மட்டும் சொல்லாதீர்கள்.

கார்டு கொடுத்தால் சோம்பேறியாகிப் பேச்சே வராமல் போய்விடுமோ என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நினைத்திருப்பீர்கள், எல்லா அம்மாக்களும் நினைக்கிறார்கள். 2006-இல் மில்லர், லைட், ஷ்லாசர் மூவரும் இதைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். நம்பகமான ஆதாரம் இருந்த 27 பேரில் ஒருவருக்குக்கூடப் பேச்சு குறையவில்லை, 89 சதவீதம் பேருக்குக் கூடியிருந்தது. கூடியது கொஞ்சம்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும், ஆனால் பயத்துக்கு இடமில்லை. கார்டை வாங்கும் ஒவ்வொரு முறையும் நீங்கள் "போதும்" என்று தெளிவாகச் சொல்கிறீர்கள் அல்லவா, அந்தச் சொல்லை ஒரு நாளைக்கு முப்பது முறை சரியான இடத்தில் கேட்கிறான். ஐந்தாறு கார்டு தாண்டி அவன் தேவை வளர்ந்தால் சென்னையில் உருவான ஆவாஸ் மாதிரி செயலிக்குப் போகலாம், டேப்லெட்டில் படத்தைத் தொட்டால் அது பேசும், தமிழிலும் உண்டு. முதல் மாதத்துக்கு அது தேவையில்லை.

உதவிக்கு ஆள் தேடும்போது அவருக்கு, சிறப்பாசிரியர் போன்றவர்களைப் பதிவு செய்கிற இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு எண் இருக்கிறதா என்று கேளுங்கள், கேட்பதில் தப்பே இல்லை. சென்னைப் பக்கம் என்றால் முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உள்ளோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது, மத்திய அரசுடையது. தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் ஆட்டிசம் உள்ளவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை உண்டு, தெரபி செலவுக்கும் அதில் ஒரு பங்கு கேட்கலாம், இன்னும் சேரவில்லை என்றால் சேர்ந்துவிடுங்கள்.

கடைசியாக, கார்டு எங்கே இருக்க வேண்டும் என்பது. மேசையில் ஒன்று, பள்ளிப் பையில் ஒன்று, ஆசிரியரிடம் ஒன்று, பாட்டி வீட்டில் ஒன்று, உங்கள் கைப்பையில் ஒன்று. அடிக்கடி நீட்டுகிறான் என்று எரிச்சலில் ஃப்ரிட்ஜ் மேல் தூக்கி வைக்காதீர்கள். அது அவனுடைய வாய், யாருடைய வாயையும் அப்படி எடுத்து வைக்க மாட்டோம். மணி கோர்த்த அந்தப் பெண்ணைப் பற்றி இன்னொன்று. ஒரு நாள் என் ஐடி கார்டை வீட்டிலேயே மறந்து வந்துவிட்டேன், அதோடு அவள் அட்டையும் போய்விட்டது. ஐந்தாவது மணியில் தோள் ஏறியது. நான் தட்டைப் பிடித்துக்கொள்ளத் தயாரானேன். அவள் எழுந்து வந்தாள், அட்டை வழக்கமாகத் தொங்கும் இடத்தில், என் கழுத்துக்குக் கீழே, விரல் நுனியால் இரண்டு முறை தட்டினாள். "போதும், சரி" என்று தட்டை எடுத்தேன்.

நாளை சாயங்காலம் நோட்டை எடுக்கும்போது முழுப் பக்கம் வேண்டாம், இரண்டு எழுத்து போதும், நீங்கள் அந்த மூன்று கட்டத் தாளில் மட்டும் எழுதத் தொடங்குங்கள். ஒரு வாரத் தாளை போட்டோ எடுத்து அனுப்பினால் மூன்றாவது கட்டத்தைச் சேர்ந்தே பார்ப்போம்.